கருமை ஒன்பது

பன்சோடான் தெருவில் நகல் ஒன்றுக்கு நூறு கியாட்.
மின்சாரம் இருக்கிற நாலு மணி நேரத்துக்குள்
பிச்சைமுத்து வந்தார், பிஸ்கட் டின்னோடு.
உள்ளே அருளாண்டு.

அதாவது, அவர் எழுதி அச்சுக்குத் தராத தாள்கள்.
தட்டோனிலிருந்து தங்கை லூர்தம்மாள்
பஸ்ஸில் கொடுத்தனுப்பியவை.
காலை பஸ்ஸில் திரும்பிப் போகவேண்டியவை.
மேலாக அவள் கையால் ஒரு சீட்டு:
"பரிமாறாத சட்டியை விருந்தாளி திறக்கக்கூடாது
என்பான் அண்ணன்.
இருந்தாலும் அனுப்புகிறேன். கூரை ஒழுகுகிறது."

"பின்னிணைப்பாகச் சேர்க்கிறேன்,
முப்பது வருஷச் சண்டை முடியட்டும்" என்றார் பிச்சைமுத்து.

சண்டை தெரியும்.
'ஆற்றடி அரசு' படித்தவர் எல்லோரும்
ஏதாவது ஒரு பக்கம் நின்றவர்கள்தான்.
செத்த ராஜாக்களின் நிழல்களை
அக்கரை சேர்க்கிற ஓடக்காரி நாவி
கடைசி நிழலையும் விட்டுவிட்டு
நடு ஆற்றுக்குத் திரும்பி
வெறும் ஓடத்தைப் பார்த்துச் சொல்கிறாள்:
"இறங்கு."
பலகையில் நாலு ஈரத் திட்டு.
அவ்வளவுதான் புத்தகம்.

யாரிடம் சொன்னாள்?
மரணத்திடம் என்றார் இருபத்தொன்பதாம் தெரு வாத்தியார்.
நாலு திட்டும் நாலு வேதம் என்று
கோயில் மலரில் கட்டுரை வந்தது.
நாலு யுகம் என்று மறுப்பு வந்தது.
ஒருவர் மட்டும் துணிந்து
அச்சுப்பிழை என்றார்.

என்னிடம் என்றேன் நான்.
இருபத்துமூன்று வயதில், பீலிக்ஸ் வீட்டில்,
கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு படித்தேன்.
மறுநாள் டாலா படகேறி அக்கரையில் இறங்கினேன்.
அந்த வீட்டுக்கு அப்புறம் போகவில்லை.
ஒரு சொல்லுக்காகவா என்று அம்மா கேட்டாள்.
போதுமாக இருந்தது.

கண்ணாடிமேல் தாள்களைக் கவிழ்த்தேன்.
கவிழ்க்கும் முன் படித்தேன், தப்புதான்.
முப்பத்தொன்றாம் தாளில்
ஓடத்துக்குள் ஒரு நாய்.
பெயர் சோணை. ஒரு காது மடிந்தது.
நிழல்களைக் கண்டு குரைக்காதது.
ஆற்றில் விழுந்து ஏறி
நனைந்த காலோடு பலகையில் உட்கார்கிறது.
நாவி அதட்டுகிறாள்: "இறங்கு."

சிரித்தேன்.
பிறகு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன்.
நாயை அதட்டிய சொல்லைப் பிடித்துக்கொண்டா
பத்தொன்பது வருஷம் வந்திருக்கிறேன்?

ஆனால் நாயின்மேல் கோடு.
வெளிர்நீலப் பென்சில்.
வரிவரியாக, அவசரமில்லாமல் அடித்திருக்கிறார்.
காது வருகிற இடத்தில் மட்டும்
பென்சில் நின்று, அழுத்தி, நகர்ந்திருக்கிறது.
ஈரத்தை விட்டுவைத்தார்.
மறந்தா, வேண்டுமென்றா?
அதற்கு எந்த டின்னில் தாள் இருக்கும்?

பச்சை வெளிச்சம் ஓடி முடிந்து
நகல் வந்தது, சூடாக.
நாய் இருக்கிறது. கோடு இல்லை.
வெளிர்நீலம் என் மெஷின் கண்ணுக்குத் தெரியாது.
அடித்த கை போய்
அடிபட்டது எழுந்து உட்கார்ந்துவிட்டது.

பிச்சைமுத்து வாசலில்
வெற்றிலைக்காரனிடம் சுண்ணாம்பு கேட்டுக்கொண்டிருந்தார்.
இதை இப்படியே கொடுத்தால்
அடடா, நாயா என்பார்கள் எல்லோரும்;
வாத்தியார் உயிரோடிருந்தால் வாய் மூடியிருப்பார்.
டின்னின் அடியில் தள்ளிவிட்டால்
என் சொல் எனக்கே.
தள்ள அரை நிமிஷம் போதும்.
அரை நிமிஷம் நின்றேன்.

பிறகு கருமையை ஒன்பதுக்கு ஏற்றினேன்.
தாள் முழுக்கச் சாம்பல், மழைக்கால ஆறு மாதிரி.
உற்றுப் பார்த்தால் கோடு,
கோட்டுக்கு அடியில் மடிந்த காது.

"மையை வீணாக்கிட்டியேம்மா" என்றார்
முப்பத்தெட்டுத் தாளுக்கு எண்ணிக்கொண்டே.
அசலே அப்படித்தான் என்றேன்.
பாதி பொய்.
மின்விசிறி மெதுவாகி நின்றது.
மூன்று ஐம்பதுக்கே எடுத்துவிட்டார்கள் இன்று.